அளக்கப்படுவது மாணவரா, திட்டமா? இளநிலை ஆய்வுப் பயிற்சிகளை மதிப்பிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

இளநிலைப் பட்ட மாணவர்களுக்கான உயிர்மருத்துவ ஆய்வுப் பயிற்சி, வழிகாட்டுதல் திட்டங்களுக்கு நிதி வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், அத்திட்டங்களை மதிப்பிடும் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஆய்வகத்தில் இளநிலை மாணவர்களுக்கு வழிகாட்டுகிறவர்களில் ஒருவராகவும், இத்தகைய திட்டங்களின் அறிக்கைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் குழுக்களில் அமர்ந்தவராகவும் இந்த மடலை எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மதிப்பீடு என்ற பெயரில் நாம் பெரும்பாலும் மாணவரை அளக்கிறோம், திட்டத்தை அளப்பதில்லை. எத்தகைய மாணவர் உள்ளே வந்தார் என்பதையும், வெளியே போகும்போது அவர் எவ்வளவு நிறைவோடு போனார் என்பதையும் அறிக்கைகள் நன்றாகவே சொல்கின்றன. இந்தத் திட்டம் இல்லாதிருந்தால் அதே மாணவர் எங்கே போயிருப்பார், அவருக்கு வழிகாட்டி என்று குறிக்கப்பட்டவர் உண்மையில் என்ன செய்தார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவற்றில் விடை கிடைப்பதில்லை. இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் ஒரு திட்டத்தை நீட்டிப்பதும் தவறாகலாம், நிறுத்துவதும் தவறாகலாம்.

உங்கள் மேசைக்கு வரும் அறிக்கையின் வடிவம் உங்களுக்கே தெரியும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, ஆய்வு முடிவுகளைக் காட்டும் சுவரொட்டி விளக்கங்கள் எத்தனை, எத்தனை மாநாடுகள், ஐந்து புள்ளி அளவுகோலில் மாணவர்களின் மனநிறைவு எவ்வளவு, முன்னாள் மாணவர்களில் எத்தனை பேர் முனைவர் படிப்பிலோ மருத்துவப் படிப்பிலோ சேர்ந்தார்கள் என்ற அட்டவணைகளும், கடைசிப் பக்கத்தில் இரண்டு மாணவர்களின் நெகிழ்ச்சியான வரிகளும் இருக்கும். எழுதியிருப்பதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த அறிக்கையை மூடிய பிறகு, திட்டம் பயன் தந்ததா என்று யாராவது கேட்டால், நேர்மையாகச் சொல்வதற்கு நம்மிடம் ஏதும் இருப்பதில்லை.

முதலில் தேர்வை எடுத்துக்கொள்வோம். உயர்ந்த மதிப்பெண், பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம், ஆய்வில் ஏன் நாட்டம் என்று விளக்கும் கட்டுரை, முடிந்தால் முன்பே ஓர் ஆய்வகத்தில் நின்ற அனுபவம் ஆகியவற்றைப் பார்த்து, விண்ணப்பித்த பெருங்கூட்டத்திலிருந்து ஒரு சிலரைப் பொறுக்கி எடுக்கிறோம். பிறகு, அவர்களில் பெரும்பாலோர் உயர்படிப்புக்குப் போனார்கள் என்பதைத் திட்டத்தின் வெற்றியாக எழுதுகிறோம். போகக்கூடியவர்கள் என்று தெரிந்துதானே அவர்களைத் தேர்ந்தெடுத்தோம்! வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவரை, மாலையில் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவரை, ஆய்வகம் எப்படி இருக்கும் என்றே அறியாதவரை விரும்பிச் சேர்த்துக்கொள்ளும் திட்டம், வெறும் எண்ணிக்கையில் எப்போதும் பின்தங்கியே தெரியும். ஏற்கெனவே கதவருகில் நிற்பவர்களை மட்டும் சேர்க்கும் திட்டம் சிறந்ததாகத் தெரியும். இந்த அளவுகோலையே வைத்து நிதியைப் பிரித்தால், துணிந்து ஆள் எடுக்கும் திட்டங்களைத் தண்டிக்கிறோம், பாதுகாப்பாக ஆள் எடுக்கும் திட்டங்களுக்குப் பரிசளிக்கிறோம். இது என் மனத்தை மிகவும் உறுத்துகிற விஷயம். ஏனென்றால் இதனால் இழப்பவர்கள் யாருக்காக இத்திட்டங்கள் தொடங்கப்பட்டனவோ அந்த மாணவர்களே.

இதற்கு மாற்று உண்டு என்பதற்குப் பழைய சான்றுகளே இருக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டம், கறுப்பின மாணவர்களை அறிவியல் முனைவர் படிப்புகளுக்கு அனுப்புவதில் பெயர் பெற்றது. அதன் பெயருக்குக் காரணமான எண்களைவிட, அந்த எண்களை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதே நமக்கு முக்கியம். திட்டத்தில் இடம் கொடுக்கப்பட்டும் அதை ஏற்காமல் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போனவர்களை மதிப்பீட்டாளர்கள் தேடிப் பிடித்துத் தொடர்ந்தார்கள். தேர்வுக் குழுவின் கண்ணில் இரு சாராரும் ஒரே தரத்தினர். அப்படி ஒப்பிட்டபோது, சேர்ந்தவர்கள் அறிவியல் முனைவர் படிப்புக்குச் செல்லும் வாய்ப்பு, சேராதவர்களுடையதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. இதுவும் குறையற்ற ஒப்பீடு என்று நான் சொல்ல மாட்டேன். இடத்தை மறுத்தவர் மறுத்ததற்கு ஒரு காரணம் இருக்கும்; அந்தக் காரணமே அவருடைய பிற்காலப் பாதையையும் தீர்மானித்திருக்கலாம். ஆனாலும் 'எங்கள் மாணவர்களில் இத்தனை பேர் போனார்கள்' என்ற வாக்கியத்துக்கும் 'எங்களோடு சேராத, அதே தரத்து மாணவர்களைவிட இத்தனை பேர் கூடுதலாகப் போனார்கள்' என்ற வாக்கியத்துக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. இதே திட்டத்தை 2013 முதல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகமும் தம் வளாகங்களில் அமைத்துப் பார்த்தன. 2019இல் அவற்றின் தொடக்க முடிவுகள் நம்பிக்கை தருவனவாக வெளிவந்தன. ஓரிடத்தில் வேலை செய்தது இன்னோரிடத்திலும் வேலை செய்யுமா என்று திட்டமிட்டுச் சோதித்ததும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே. அந்தச் சோதனைக்கு நிதி கொடுப்போர் அரிதாகவே முன்வருகிறார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இளநிலை ஆய்வு வாய்ப்புத் திட்டம் இன்னும் ஒரு படி போனது. திட்டத்தில் சேர்ந்தவர்களை, விண்ணப்பித்தும் இடம் பெறாத, பின்னணியில் ஒத்த மாணவர்களோடு ஒப்பிட்டு 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படிப்பைப் பாதியில் விடாமல் தொடர்வதற்கு ஆய்வுப் பங்கேற்பு உதவியது. அந்த உதவி எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. கறுப்பின மாணவர்களிடமும், முதலாண்டைவிட இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களிடமும் விளைவு வலுவாகத் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் பட்டிருக்காது. யாரைச் சேர்க்க வேண்டும், எப்போது சேர்க்க வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடப் பயனுள்ள விடை ஆயிரம் மனநிறைவுப் படிவங்களில் கிடைக்காது.

இப்படிச் செய்வது மாணவர்களுக்கு அநீதி என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஒப்பீட்டுக்காக ஒரு மாணவருக்கு வாய்ப்பை மறுப்பது சரியாகாது. ஆனால் இடங்களைவிட விண்ணப்பங்கள் பல மடங்கு அதிகமாக வரும் இடத்தில், மறுப்பு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. தேர்வுப் பட்டியலின் நடுவில், இவரா அவரா என்று குழுவே முடிவு செய்ய முடியாமல் திணறும் ஒரு பகுதி எப்போதும் உண்டு. அந்தப் பகுதியில் மட்டும் குலுக்கல் முறையில் இடம் கொடுத்தால், கடைசி நிமிடக் களைப்பில் கை தூக்கி முடிவு செய்வதைவிட அது மாணவருக்கும் நியாயமானது. திட்டத்தின் விளைவை அறியவும் உதவும். மதிப்பெண் வரிசையில் ஒரு வரம்பு வைத்துத் தேர்ந்தெடுக்கும் திட்டங்கள் குலுக்கல்கூட இல்லாமல், வரம்புக்குச் சற்று மேலே நின்றவர்களையும் சற்றுக் கீழே நின்றவர்களையும் ஒப்பிடலாம். எதுவுமே இயலாவிட்டால், இடம் கிடைக்காத விண்ணப்பதாரர்களிடம் அவர்களுடைய ஒப்புதலோடு தொடர்பு விவரங்களை வாங்கிவைத்து, ஆண்டுக்கு ஒரு முறை 'இப்போது என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்கலாம். பெரும்பாலான திட்டங்கள் அந்த விண்ணப்பங்களைத் தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துவிடுகின்றன. மதிப்பீட்டுக்கு வேண்டிய மிக விலைமதிப்புள்ள தரவு அங்கேதான் கிடக்கிறது.

அடுத்தது, மாணவர் தாமே சொல்லும் முன்னேற்றம். அமெரிக்க உளவியலாளர் டேவிட் லொப்பாட்டோ 2004இல் வெளியிட்ட கருத்தாய்வு, 41 கல்வி நிறுவனங்களைச் சேர்ந்த 1,100க்கும் மேற்பட்ட மாணவர்களிடம், ஆய்வுப் பயிற்சியில் தாங்கள் எவ்வளவு கற்றுக்கொண்டதாகக் கருதுகிறார்கள் என்று கேட்டது. பல நிறுவனங்கள் ஒரே வினாக்களைக் கேட்க அது வழி செய்தது. அந்த வகையில் அது பெரிய பங்களிப்பு. பிறகு வந்தவர்களில் பலர் அந்த முதல் படியிலேயே நின்றுவிட்டார்கள் என்பதுதான் வருத்தம். இளநிலை ஆய்வு அனுபவங்களைப் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை மாணவர்களின் சொந்த மதிப்பீட்டையும் நேர்காணலையுமே நம்பியிருந்தன என்றும், திறனை நேரடியாகச் சோதித்தவை மிகச் சில என்றும் சுட்டிக்காட்டியது.

மாணவர் பொய் சொல்கிறார் என்பது என் வாதம் இல்லை. எது தெரியாது என்பதை அறிவதற்கே ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். முதல் வாரத்தில் 'சோதனையை வடிவமைக்க எனக்குத் தெரியும்' என்ற வரிக்கு நான்கு மதிப்பெண் போட்ட மாணவர், பத்து வாரம் ஆய்வகத்தில் அல்லல்பட்ட பிறகு, சோதனை வடிவமைப்பு என்றால் என்னவென்று புரிந்துகொண்டு மூன்று மதிப்பெண் போடுவார். கருத்தாய்வின்படி அவர் பின்னுக்குப் போயிருக்கிறார். உண்மையில் அவர்தான் மிக அதிகம் கற்றவர். அவருக்குப் பக்கத்தில், ஒரே செய்முறையைப் புரியாமல் திரும்பத் திரும்பச் செய்த இன்னொருவர் ஐந்து மதிப்பெண் போட்டுவிட்டு மகிழ்ச்சியாகப் போவார்.

நேரடிச் சோதனை என்றதும் பெரிய தேர்வு நடத்த வேண்டும் என்று அஞ்சத் தேவையில்லை. ஒரே ஒரு ஜெல் படம் போதும்; அதாவது, நகலெடுத்துப் பெருக்கிய டி.என்.ஏ. துண்டுகளை அவற்றின் நீளப்படி பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் படம். மாதிரிகள் ஓடிய குழிகளில், எதிர்பார்த்த இடத்தில் அழுத்தமான பட்டைகள். நகலெடுக்க வேண்டிய வார்ப்பு டி.என்.ஏ. எதுவும் சேர்க்காமல் ஓட்டிய, பட்டையே இருக்கக் கூடாத கட்டுப்பாட்டுக் குழியிலும், உற்றுப் பார்த்தால் தெரிகிற ஒரு மெல்லிய பட்டை. படத்தை மாணவர் கையில் கொடுத்து, இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவீர்கள், அடுத்து என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பயிற்சி இல்லாதவர் அழுத்தமான பட்டைகளைப் பார்த்து 'வேலை செய்திருக்கிறது' என்பார். சிறிது பழகியவர் மெல்லிய பட்டையைக் கவனித்து 'மாசு கலந்திருக்கிறது, மறுபடி செய்ய வேண்டும்' என்பார். நன்கு கற்றவர் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: அந்த மெல்லிய பட்டை மற்றப் பட்டைகளின் உயரத்திலேயே இருக்கிறதா, அல்லது படத்தின் அடியில், நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டுகளான பிரைமர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டதால் உண்டான சிறு துண்டா? ஒரே உயரம் என்றால், புதிய நீர், புதிய பிரைமர்க் கரைசல், வேறு பைப்பெட் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, மாசு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் வரை இந்த முடிவை யாரிடமும் காட்ட முடியாது என்பார். இந்த மூன்று விடைகளுக்கும் இடையிலான தொலைவே நாம் அளக்க விரும்பும் ஆய்வுத் திறன். பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு படம், முடிவில் அதே கடினத்தில் வேறொரு படம். எது முன்னது எது பின்னது என்று தெரியாத இருவர் விடைகளைத் திருத்த வேண்டும். ஆகும் நேரம் ஒரு மாணவருக்கு அரை மணி. செல் வளர்ப்பிலோ, எலி நடத்தை ஆய்விலோ, மரபணுத் தரவுப் பகுப்பாய்விலோ வேலை செய்பவருக்கு அந்தத் துறைக்குரிய படத்தையோ அட்டவணையையோ கொடுக்கலாம்.

மாணவரின் ஆய்வகக் குறிப்பேட்டையும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் வாரத்தில் 'செய்முறைப்படி செய்தேன், வரவில்லை' என்று ஒரு வரி இருந்த இடத்தில், ஒன்பதாம் வாரத்தில் எந்தத் தொகுதி வினைப்பொருள், எந்த வளர்ப்புப் பெட்டி, முந்தைய முறையிலிருந்து எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று எழுதியிருக்கிறதா? பக்க ஓரத்தில் வழிகாட்டியின் கையெழுத்தோ கேள்விக்குறியோ தேதியோடு இருக்கிறதா? குறிப்பேடு ஒரே நேரத்தில் மாணவரையும் வழிகாட்டியையும் காட்டிக்கொடுக்கும். வழிகாட்டி எட்டிப்பார்க்காத குறிப்பேட்டை நான் ஒரு பக்கம் புரட்டியதும் சொல்லிவிடுவேன். அனுபவமுள்ள எவரும் சொல்லிவிடுவார்.

வழிகாட்டுதல் என்ற சொல் எல்லாத் திட்டங்களின் பெயரிலும் இருக்கிறது; மதிப்பீட்டில்தான் அது காணாமல் போகிறது. காகிதத்தில் வழிகாட்டி ஒரு பேராசிரியர். பைப்பெட்டைப் பிடிக்கவும், செல்களை எண்ணவும், தவறு நேர்ந்தால் பதறாமல் சொல்லவும் கற்றுக்கொடுப்பவர் பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர் அல்லது முதுமுனைவர் ஆய்வாளர். அவருடைய பெயர் அறிக்கையில் வராது. அவருக்குப் பயிற்சி கிடையாது, நேரம் ஒதுக்கப்படுவதும் கிடையாது, தம் சொந்த ஆய்வேட்டின் அழுத்தத்துக்கு நடுவில் இதைச் செய்கிறார். பேராசிரியர், இடைநிலை வழிகாட்டி, இளநிலை மாணவர் என்ற மூவர் அமைப்பை ஆராய்ந்தவர்கள், மாணவருக்குப் பேராசிரியரோடும் நேரடித் தொடர்பு இருந்தால் பலன் கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே 'உங்கள் வழிகாட்டி எப்படி?' என்ற ஒற்றைக் கேள்வி பயனற்றது. மாணவர் யாரை நினைத்து விடையளிக்கிறார் என்றே நமக்குத் தெரியாது. யார் அன்றாடம் கற்பித்தார், பேராசிரியரோடு தனியாக எத்தனை முறை பேச முடிந்தது, எதிர்பார்ப்புகள் தொடக்கத்திலேயே பேசி எழுதிவைக்கப்பட்டனவா, ஆய்வகக் கூட்டத்தில் அவருக்குப் பேச இடம் கிடைத்ததா, கட்டுரையில் பெயர் சேர்ப்பது பற்றி யாராவது விளக்கினார்களா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

மோசமான வழிகாட்டுதலைப் பற்றியும் கேட்க வேண்டும். உயிரறிவியல் ஆய்வகங்களில் இருந்த இளநிலை மாணவர்களோடு பேசி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, எதிர்மறை அனுபவங்களை ஏழு வகையாகப் பிரித்தது. வழிகாட்டி கண்ணிலேயே படாதது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, மனப்பொருத்தமின்மை, எதிர்காலத்துக்கான ஆதரவு இல்லாமை, மனத்துக்கு ஆதரவு இல்லாமை, பொருந்தாத எதிர்பார்ப்புகள், ஒருவருக்கு ஒரு நீதி மற்றவருக்கு ஒரு நீதி. 'மனநிறைவு: 4.2' என்ற எண்ணுக்குள் இந்த ஏழும் சத்தமில்லாமல் அடங்கிவிடும்.

இங்கே ஒரு நடைமுறைத் தடை இருப்பதை நிதி வழங்குவோர் உணர்ந்தாக வேண்டும். ஓர் ஆய்வகத்தில் ஒரு கோடையில் ஒரே ஒரு மாணவர் இருப்பார். பெயர் எழுதாவிட்டாலும், படிவத்தை நிரப்பியவர் யார் என்பது வழிகாட்டிக்குத் தெரியும். அந்த மாணவரின் உயர்படிப்பு விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவரும் அதே வழிகாட்டி. இந்த நிலையில் எந்த மாணவர் உண்மையை எழுதுவார்? எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கத்தான் நமக்கு என்ன உரிமை? விடைகளைத் திட்டத்துக்கு வெளியே உள்ளவர் திரட்டி வைத்திருந்து, ஓர் ஆய்வகத்திலிருந்து ஐந்து மாணவர்களாவது கடந்து சென்ற பிறகே தொகுத்துத் திருப்பித் தர வேண்டும். மாணவர் பரிந்துரைக் கடிதங்களைப் பெற்று அடுத்த இடத்துக்குப் போன பிறகு இன்னொரு முறையும் கேட்க வேண்டும். துன்புறுத்தல் போன்ற கடுமையான புகார்களை இந்தப் படிவங்களில் காத்திருக்க வைக்கக் கூடாது. அவற்றுக்கு உடனே செயல்படும் தனி வழி தேவை, அது எது என்பதை முதல் நாளிலேயே மாணவருக்குச் சொல்லியாக வேண்டும்.

வழிகாட்டுதலை மேம்படுத்த முடியுமா என்ற ஐயத்துக்கு ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. 16 மருத்துவ ஆய்வு மையங்களில் 283 வழிகாட்டி–பயிலுநர் இணைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2014இல் வெளியான சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனையில், அதாவது யாருக்குப் பயிற்சி என்பதைக் குலுக்கல்போல் முடிவு செய்த சோதனையில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளின் நடத்தை மாறியதை அவர்கள் மட்டும் சொல்லவில்லை. அவர்களிடம் பயின்றவர்களும் சொன்னார்கள். அந்தப் பயிலுநர்கள் இளநிலை மாணவர்கள் அல்லர், வளரும் ஆய்வாளர்கள். ஆகவே அதை அப்படியே நம் திட்டங்களுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் வழிகாட்டுதல் பிறவிக் குணம், அதை அளக்கவோ கற்பிக்கவோ முடியாது என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போவதற்கு இனி இடமில்லை. அந்தச் சோதனையில் பயன்பட்ட 26 வினாக்கள் கொண்ட வழிகாட்டுத் திறன் அளவுகோல் வெளிப்படையாகக் கிடைக்கிறது. இளநிலை மாணவர்களுக்கு ஏற்ப அதைச் சோதித்துத் திருத்தும் பணிக்கு நீங்கள் நிதி கொடுக்கலாம்.

எவ்வளவு பயிற்சி உண்மையில் கிடைத்தது என்பதையும் அறிக்கைகள் மறைக்கின்றன. 'பங்கேற்றார்' என்ற ஒரு சொல்லுக்குள் வாரம் நாலு மணி நேரம் குடுவை கழுவியவரும் அடங்குவார், இரண்டு ஆண்டுகள் சொந்தக் கேள்வியோடு உழைத்தவரும் அடங்குவார். பின்னணியில் ஒத்தவர்களை இணை சேர்த்து, மாணவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வாரம் குறைந்தது 10 மணி நேரம், இரண்டு பருவங்களாவது ஆய்வில் ஈடுபட்டவர்களிடமே நீடித்த விளைவு தெரிந்ததாக 2018இல் தெரிவித்தது. பணம் குறுகிய கோடைப் பயிற்சிகளுக்கே தொடர்ந்து போகிறதென்றால், இந்த முடிவை நீங்கள் ஒரு முறையாவது உங்கள் தரவில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மணிக்கணக்கும் பணியின் தன்மையும் பதிவாகியிருக்க வேண்டும்.

காலத்தைப் பற்றி. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மானியம் பெறும் வாய்ப்பு, கல்வி, பயிற்சி, வெளியீடுகள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் கறுப்பின ஆய்வாளர்களுக்கு வெள்ளையின ஆய்வாளர்களைவிடச் சுமார் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக இருந்ததை 2011இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. அந்த அதிர்ச்சியைத் தொடர்ந்து 2014இல் அந்நிறுவனங்கள் ஒரு பெரும் கூட்டமைப்பைத் தொடங்கின. பில்ட் எனப்படும் பத்து இளநிலைப் பயிற்சித் திட்டங்கள், ஒரு தேசிய வழிகாட்டுதல் வலையமைப்பு, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு மதிப்பீட்டு மையம். மாணவர், ஆசிரியர், நிறுவனம் ஆகிய மூன்று நிலைகளிலும் எதை வெற்றியின் அடையாளமாகக் கொள்வது என்று முன்கூட்டியே பொதுவாக வகுத்துக்கொண்டு, எல்லா இடங்களிலும் அதையே அளக்க முனைந்தார்கள். மதிப்பீட்டை ஒப்புக்குச் செய்யாமல் திட்டத்தின் உறுப்பாகவே வைத்த முயற்சிகளில் இது பெரியது. பத்து ஆண்டுகள் நிதியும் கிடைத்தது. அப்படியிருந்தும் கணக்கைப் பாருங்கள். 2014இல் முதலாண்டில் சேர்ந்தவர் 2018இல் பட்டம் பெற்று, இடைவெளியின்றி முனைவர் படிப்பில் சேர்ந்திருந்தால், அதை முடிக்கும்போது 2023 அல்லது 2024 ஆகியிருக்கும். முதல் அணியின் கடைசி விளைவு தெரியத் தொடங்கும் நேரத்தில் நிதிக்காலம் முடிகிறது. பத்து ஆண்டுத் திட்டத்துக்கே இதுதான் நிலை என்றால், மூன்று ஆண்டு மானியத்தின் முடிவில் 'எத்தனை முனைவர்கள்?' என்று கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது? திட்டம் முடிந்த பிறகும் மாணவர்களைத் தொடர்வதற்கான சிறு தொகையைத் தனியாக, திட்டத்தின் உயிரோடு பிணைக்காமல் வைக்க வேண்டும்.

தனித் திட்டங்களிடம் பெரிய முடிவுகளைக் கேட்பதையும் விட வேண்டும். ஆண்டுக்கு 12 மாணவர்களைச் சேர்க்கும் திட்டத்தில் ஒருவர் மனம் மாறினாலே விகிதம் 8 விழுக்காட்டுப் புள்ளிகள் நகரும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு விளக்கம் எழுதச் சொல்லி ஒருங்கிணைப்பாளரை ஆண்டுதோறும் வாட்டுகிறோம். ஒரே வினாக்கள், ஒரே வரையறைகள், சேர்த்துவைத்த தரவு என்று பல திட்டங்கள் ஒன்றாகச் செயல்பட்டால் மட்டுமே எண்கள் பேசும்.

விலகிப் போனவர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உயிரறிவியல் மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வகத்தில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் விலகிவிட எண்ணியதாகச் சொன்னார்கள். ஆய்வு வேலை எத்தகையது என்று நேரில் பார்த்து, இது என் வழி இல்லை என்று தெளிந்து, மருத்துவராகவோ ஆசிரியராகவோ போகிற மாணவருக்குத் திட்டம் நல்லதைத்தான் செய்திருக்கிறது. வாரக்கணக்கில் யாரும் பேசாமல், தாம் அங்கே வேண்டாதவர் என்று உணர்ந்து போகிற மாணவருக்குத் திட்டம் தீங்கு செய்திருக்கிறது. அறிக்கையில் இருவரும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாக, 'தொடரவில்லை' என்று நிற்கிறார்கள். மதிப்பீட்டுக் குழுவினர் யாரையாவது நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்றால், வெற்றிக் கதைகளாக முன்னிறுத்தப்படும் மாணவர்களை விட்டுவிட்டு, இவர்களைத் தேடிப் போங்கள். ஒரு மணி நேர உரையாடலில், எந்த ஆய்வகத்துக்கு இனி மாணவரை அனுப்பக் கூடாது என்பது வரை தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் செய்தால் படிவங்கள் பெருகி மாணவரும் வழிகாட்டியும் களைத்துப்போவார்கள் என்ற கவலை நியாயமானதே. அதனால்தான் இப்போது கேட்கப்படுவனவற்றில் பலவற்றை நீக்கிவிடும்படி கேட்கிறேன். ஒரு கேள்விக்கு வரும் விடையைக் கொண்டு யாரும் எந்த முடிவையும் மாற்றப் போவதில்லை என்றால், அந்தக் கேள்வி மாணவரின் நேரத்தை வீணாக்குகிறது. கோடையின் நடுவில் வரும் மூன்று மனநிறைவுப் படிவங்களில் இரண்டை எடுத்துவிட்டாலே ஜெல் படத்துக்கு நேரம் கிடைத்துவிடும்.

ஆகவே நிதி வழங்கும் அமைப்புகளிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் அடுத்த விண்ணப்ப அழைப்பில், ஒப்பீட்டுக் குழுவை எப்படி அமைப்பீர்கள் என்ற கேள்வியைக் கட்டாயமாக்குங்கள். முடியாது என்று எழுதுகிறவர் ஏன் முடியாது என்று விளக்கட்டும். இடம் கிடைக்காதவர்களைத் தொடர்வதற்கான செலவையும், அன்றாடம் கற்பிக்கும் இடைநிலை வழிகாட்டிக்கான பயிற்சியையும் நேர ஊதியத்தையும் ஏற்கத்தக்க செலவினங்களாக அறிவியுங்கள். எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுதிய திட்டத்தின் நிதியை அந்த ஒரு காரணத்துக்காக நிறுத்த மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அந்த உறுதி இல்லாத வரை யாரும் உங்களுக்கு உண்மையை எழுதப் போவதில்லை. மதிப்பீட்டுக் குழுவினரிடம் கேட்பது இன்னும் எளியது. அடுத்த முறை ஒரு திட்டத்தைப் பார்வையிடப் போகும்போது, சுவரொட்டிகள் வைத்திருக்கும் அரங்குக்குப் போவதற்கு முன், நான்கு மாணவர்களின் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கி, அவர்களுக்கு அன்றாடம் கற்பித்தவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துப் பாருங்கள்.

இங்ஙனம்,
இளநிலை மாணவர்களோடு பணிபுரியும் ஓர் ஆய்வக வழிகாட்டி